ஆறுமுகத்தின் மக்கள்

பழந்தமிழ்க் கலைஞர்கள் ஓரிடத்தில் தங்கி வாழ்ந்தவர்கள் அல்லர். பாணரும் பொருநரும் கூத்தரும் யாழையும் முழவையும் சுமந்து ஊர்தோறும் சென்றனர். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் வாடி வரும் மற்றொருவனைக் கண்டால், தான் சென்ற வழியை அவனுக்கும் எடுத்துரைத்தான். அவ்வாறு வழிப்படுத்துவதே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையாயிற்று. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படை நூல்களே. வறுமையில் நடப்பவனுக்குப் பொருளினும் முதலில் வேண்டுவது, தனக்கு முன்னே தன்னைப் போன்ற ஒருவன் அவ்வழியே சென்றிருக்கிறான் என்னும் துணிவாகும்.

இத்துணிவு புலவர் வாய்ச்சொல்லால்தான் வரவேண்டும் என்பதில்லை. சிற்சில வேளைகளில் கித்தார் நரம்பின் வழியாகவும் வரும். மலாக்கா மாநிலத் தோட்டத்து இளைஞன் ஒருவனுக்கு 1980களின் தொடக்கத்தில் அது அவ்வாறுதான் வந்தது.

அக்காலத்துத் தோட்டப்புறங்களில் இசைக்குக் குறைவில்லை. மாரியம்மன் திருவிழாவில் உறுமியும் தப்பும் நாதசுரமும் முழங்கின. வானொலியின் தமிழ்ப் பகுதி காலையும் மாலையும் லயத்து வீடுகளில் ஒலித்தது. திருவிழா இரவுகளில் பட்டணத்து இசைக்குழுக்கள் வந்து திரைப்பாடல்களைப் பாடின. ஆனால், அக்குழுக்களின் பாடகர் எவரும் தம் பாட்டைப் பாடியவர் அல்லர். சென்னையில் ஒருவர் எழுதி, ஒருவர் இசையமைத்து, ஒருவர் பாடி, மற்றொருவர் வாயசைத்த பாட்டையே அவர்கள் மீண்டும் பாடினர். யார் குரலை ஒத்திருக்கிறது என்பதே பாராட்டின் அளவுகோலாக இருந்தது. ‘அப்படியே இருக்கிறது’ என்பதற்கு மேலான புகழ்மொழி அங்கு இல்லை.

இந்நிலையில்தான் ‘அலிகேட்ஸ்’ என்னும் குழுவின் பாடல்கள் தோட்டத்துக்குள் நுழைந்தன. சந்துகளில் திரியும் பூனைகள் என்பது அப்பெயரின் பொருள். 1960களின் பிற்பகுதியில் பினாங்கில் தோன்றிய குழு அது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் இருவர் அதன் தலைமைப் பாடகர்கள். 1970களில் ஆங்காங் சென்று, அங்குள்ள இரவு விடுதிகளில் வாசித்துத் தம் தொழிலைத் தீட்டிக்கொண்டனர். பின்னர் நாடு திரும்பி மலாய்மொழிப் பாடல்களைப் பதிவு செய்தனர். எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்கென்றே பாடல்கள் படைத்தனர். எந்தத் திரைப்பட நாயகனுக்கும் குரலை இரவல் கொடுக்காமல், தம் பெயரால், தம் முகத்தோடு, தம் பாட்டைப் பாடிய தமிழர்கள் அவர்கள். புதர்போல் அடர்ந்து சுருண்டு நின்ற அவர்களின் தலைமுடியும் நாடறிந்த அடையாளமாயிற்று. பெரியவர்கள் அதைக் கண்டு முகஞ்சுளித்தனர். இளைஞர்களோ முடிதிருத்துவோனிடம் செல்வதையே மறந்தனர்.

சாசினுக்கு அருகேயிருந்த தோட்டமொன்றில் பால் வெட்டிய இளைஞன் இருபத்தொரு வயதினன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துப் புகுமுக வகுப்புக்குச் சென்றபோது அவன் மலாய் தட்டுத் தடுமாறியது. வாய்திறந்தால் சிரிப்பார்கள் என்று அஞ்சிப் பின்வரிசையில் அமர்ந்து பழகியவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தாயுடன் நிரைக்குச் சென்றான். அவனிடம் நாடாப்பெட்டி ஒன்றும், அலிகேட்ஸ் குழுவின் ஒலிநாடா ஒன்றும் இருந்தன. ‘சம்பாய்க்கான் சாலாம்’ என்னும் பாட்டை அவன் எத்தனை முறை கேட்டான் என்பதற்குக் கணக்கில்லை. மலாயில் அவன் தடுமாறாது சொல்லக்கூடியவை அந்தப் பாடல்களின் அடிகள் மட்டுமே.

ஒரு சனிக்கிழமை இரவில் தலைநகரில் அக்குழு பாடப்போகிறது என்னும் செய்தி அவனை எட்டியது. நுழைவுச்சீட்டின் விலை இரண்டு நாள் கூலிக்கு மேலானது. போக்குவரத்துச் செலவு வேறு. மூன்று வாரங்கள் ஒட்டுப்பால் காசைச் சேர்த்து வைத்தான்.

அன்று பெரட்டுக்கு அவனே முதல்வனாக நின்றான். இருள் பிரியுமுன் நிரையில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக மரங்களை வெட்டினான். மங்குகளில் பால் நிறையும் வரை காத்திருப்பது அன்றைக்கு மட்டும் நெடும்பொழுதாகத் தோன்றியது. பாலைக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியதும், கிணற்றடியில் மும்முறை சவர்க்காரம் தேய்த்துக் குளித்தான். பால் மரத் தொழிலாளியின் கையில் ஊறிய மணம் எளிதில் அகல்வதன்று. கூட்டத்தில் யாரேனும் மூக்கைச் சுளித்துவிடுவார்களோ என்னும் அச்சம் அவன் உள்ளத்தின் ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது.

சாசினிலிருந்து மலாக்கா, மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் எனப் பேருந்து மாறிச் சென்றான். 1976இல் திறக்கப்பட்ட புடுராயா நிலையத்தில் இறங்கியபோது மாலை மயங்கிவிட்டது. புகையும் இரைச்சலும் நிறைந்த அந்த நிலையத்தின் படிகளில் நின்று, அரங்கத்துக்கு வழி கேட்டான். கேட்ட மொழி மலாய். கேட்டு முடித்த பின்னரே, தான் தடுமாறாமல் கேட்டுவிட்டதை அவன் உணர்ந்தான்.

அரங்கில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் தோளோடு தோள் இடித்து நின்றனர். விளக்குகள் அணைந்தன. பெருமுரசின் முதலடி விழுந்தபோது அது காதில் விழவில்லை; நெஞ்செலும்பில் விழுந்தது. திருவிழாவில் தப்படிக்கும் இடத்துக்கு மிக அருகில் நின்றவர்களுக்கே அவ்வுணர்வு விளங்கும். ஒலிநாடாவில் மெலிந்து கேட்ட அடித்தொனிக் கித்தார் இங்கே தரையை அதிரச் செய்தது. பின்னர் ஒளிவட்டத்துக்குள் அந்த முடியும் அந்தச் சிரிப்பும் தோன்றின. அறிவிப்பாளர் பெயர்களை உரக்கச் சொன்னார்: டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம்.

நம் நாட்டில் இந்தியர் பெயரோடு தந்தையின் பெயரும் சேர்ந்தே வழங்கும். ஆகவே, அங்கு அழைக்கப்பட்டது பாடகர்களின் பெயர் மட்டுமன்று. ஆறுமுகம் என்னும் ஒரு தமிழ்த் தந்தையின் பெயரும் ஆகும். தோட்டத்தில் அப்பெயர் ஒலிக்குமிடங்கள் பெரட்டுக் களமும் சம்பள நாளும்தாம். கிராணி அதனைச் சுருக்கியும் சிதைத்தும் அழைப்பார். அதே பெயருக்கு இங்கே மூவினத்தாரும் எழுந்து நின்று கைதட்டினர். இளைஞனின் கண்கள் கலங்கின. பாட்டு அப்போது தொடங்கியிருக்கவில்லை.

அவனுக்குப் பக்கத்தில் நின்ற மலாய் இளைஞன் ஒவ்வொரு பாட்டையும் உடன் பாடினான். இவனும் பாடினான். இரண்டு பாடல்களுக்கு இடையே அவன் இவன் பக்கம் திரும்பி, “ஆறுமுகம் என்றால் என்ன பொருள்?” என்று கேட்டான். அதுவரை எவரும் இவனிடம் ஒரு தமிழ்ப்பெயரின் பொருளைக் கேட்டதில்லை. “ஆறு முகங்கள். எங்கள் கடவுள் ஒருவரின் பெயர்” என்றான் இவன். “அதனால்தான் இப்படிப் பாடுகிறார்கள் போலும். நமக்கெல்லாம் ஒரே வாய்தானே!” என்றான் மற்றவன். இருவரும் சிரித்தனர். பெயர் கேட்காமலே நண்பராயினர். பெயர் கேட்காமலே பிரிந்தனர்.

நிகழ்ச்சி முடிந்தபோது ஊருக்குச் செல்லும் பேருந்து இல்லை. புடுராயாவின் இருக்கையொன்றில் விடியும்வரை அமர்ந்திருந்தான். காதுகளில் இரைச்சல் அடங்கவில்லை. பசியோ உறக்கமோ தோன்றவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், சாசினிலிருந்து இரண்டு கல் தொலைவு நடந்து வீடு சேர்ந்தான்.

தாய் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “என்னய்யா பாடினாங்க?”

“மலாய்ப் பாட்டும்மா.”

“ஆறுமுகம் மகனா மலாய்ப் பாட்டுப் பாடினான்? ஏன்யா, அவனுக்குத் தமிழ்ப் பாட்டு வராதா?”

இளைஞன் விடை கூறவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர், ஒரு காலத்தில் கங்காணியாக இருந்தவர், விடை கூறினார்: “இப்படித்தான் தொடங்கும் தம்பி. காஜா பேராங்குக்குப் போய்ப் பார். செட்டிகள் கோயில் வைத்திருக்கிறார்கள், விபூதி பூசுகிறார்கள். தமிழ் மட்டும் இல்லை.”

முதியவர் கூறியது வெறும் பழிச்சொல் அன்று. அதில் வரலாறு இருந்தது. மலாக்கா செட்டிகள் சுல்தான்களின் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள். பொற்கொல்லர் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. பொங்கலையும் முன்னோர் படையலையும் இன்றளவும் போற்றி வருகின்றனர். ஆயினும், அவர்களின் வீட்டுமொழி மலாய். மலாக்காவின் பெருமைகளுள் ஒன்றான ‘டொண்டாங் சாயாங்’ பாட்டை மலாய்க்காரர், பாபா நோஞாக்கள், போர்த்துகீசிய வழியினர் ஆகியோருடன் அவர்களும் பாடுகின்றனர். 2018இல் யுனெஸ்கோ அப்பாடற்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றபோது, அதில் செட்டிகளின் பங்கும் அடங்கியிருந்தது.

ஆகவே, தாயின் வினாவைத் தள்ளிவிட முடியாது. பிறமொழியில் பாடிப் புகழ் பெறுவது நம் மொழியை இழப்பதன் முதற்படியா? ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பறையில் என்றேனும் ஒருநாள் சந்திக்கும் வினா இது.

செட்டிகளின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவர்களிடம் தமிழ் மறைந்தது டொண்டாங் சாயாங் பாடியதால் அன்று. முன்னோர் இந்நாட்டுப் பெண்களை மணந்தனர். தாயின் மொழி மலாயாக இருந்தது. தமிழகத் தொடர்பும் காலப்போக்கில் தேய்ந்தது. மேடையில் பாடப்படாமையால் ஒரு மொழி அழிவதில்லை. தொட்டிலருகே பாடப்படாமையால் அழிகிறது. மேடை நமக்குப் பெயரைத் தரலாம். மொழியைத் தரும் ஆற்றல் வீட்டுக்கும் பள்ளிக்குமே உண்டு. மேடையிடம் அதனைக் கேட்பதும், தராததற்காக மேடையைக் கடிவதும் பொருந்தா.

திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகனின் ஆறு முகங்களுக்கும் தனித்தனியே தொழில் வகுத்துக் காட்டுகிறார். ஒரு முகம் உலகுக்கு ஒளி தருகிறது. ஒரு முகம் அன்பர்க்கு வரம் தருகிறது. ஒரு முகம் வள்ளியை நோக்கி முறுவலிக்கிறது. ஒரு முகம் மற்றொரு முகத்தை மறைப்பதில்லை. பன்மொழி வழங்கும் நாட்டில் வாழும் தமிழனுக்கும் பல முகங்கள் வேண்டும். உலகை நோக்கும் முகம் வளர்வது குற்றமன்று. வள்ளியை நோக்கும் முகம் வாடிப்போகாமல் காப்பதே கடமை.

அந்த இளைஞன் பின்னாளில் தோட்டத்தை விட்டுப் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் வேலைக்கு அமர்ந்தான். நேர்முகத் தேர்வில் மலாயில் தயங்காமல் பேசினான். மணம் முடித்து, பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்பினான். தாயின் வினாவுக்கு அவன் வாயால் சொல்லாத விடை அதுவாக இருக்கலாம். 

2006இல் அவருடைய மகன் ஒரு குறுவட்டைக் கொண்டுவந்து வீடதிரப் போட்டான். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ அது. யோகி பி அதற்குமுன் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் பாடிப் பெயர் பெற்றவர். பிறகு தமிழில் சொல்லிசை படைத்தார். அடுத்த ஆண்டே சென்னைத் திரையுலகம் ‘பொல்லாதவன்’ படத்துக்காக அவர் குரலை நாடியது. சென்னையின் பாட்டை இங்கே ஒத்துப் பாடிய காலம் போய், இங்கிருந்து புறப்பட்ட தமிழ்க்குரலைச் சென்னை கேட்ட காலம் வந்தது. அச்சொற்களின் வேகம் தந்தைக்குப் பிடிபடவில்லை. மொழி தமிழ் என்பது பிடிபட்டது. “கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொல்லக்கூடாதா?” என்று மட்டும் கேட்டார்.

2007 சூன் திங்களில் லோகநாதன் ஆறுமுகம் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். அக்குழுவின் புகழ்பெற்ற பாட்டொன்றின் தலைப்புக்கு, ‘நான் முந்திச் சென்றுவிட்டால்’ என்பது பொருள். உடன்பிறந்தாருள் இளையவர் முந்திச் சென்றார். அன்றிரவு அந்தத் தந்தை பழைய ஒலிநாடாவைத் தேடி எடுத்தார். இயக்குவதற்கு வீட்டில் நாடாப்பெட்டி இல்லை. மகன் அதே பாடல்களைக் கணினியில் தேடி ஒலிக்கச் செய்து, தந்தையின் அருகில் அமர்ந்து, முதன்முறையாக முழுமையாகக் கேட்டான்.

முந்திச் செல்வோர் எல்லாரும் நாம் விரும்பும் ஊருக்கே செல்வார் என்பதில்லை. வழி உண்டு என்று காட்டிவிட்டுப் போவதே அவர்கள் செய்யும் உதவி. அவ்வழியில் எம்மொழியைச் சுமந்து செல்வது என்பதைப் பின்வருவோரே முடிவு செய்கின்றனர். அம்முடிவைச் செய்யும் வயதில் நம் மாணவர் நெஞ்சில் தமிழ் இருக்குமாறு பார்த்துக்கொள்வது வீட்டாரும் ஆசிரியரும் ஏற்க வேண்டிய பணியாகும்.