உலாவா, தூதா?

யாழ்ப்பாணத்தில் நடைபெறவிருந்த ஆய்வரங்கொன்றில் கட்டுரை வாசிக்க எங்கள் தமிழ்த்துறையிலிருந்து மூவர் அழைக்கப்பட்டிருந்தோம். 2025ஆம் ஆண்டின் தொடக்கம் அது. அழைப்பு மின்னஞ்சலில் வந்த அன்று மாலையே துறையறையில் கூடி, யார் எதைப் பற்றி எழுதுவது என்று பேசி முடித்துவிட்டோம். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. விசாவை எந்த வழியில் பெறுவது என்று பேசி முடிக்கத்தான் மூன்று வாரங்கள் பிடித்தன.

எங்களுள் மூத்தவர் அவ்வாண்டு மே மாதம் ஓய்வு பெற இருந்தார். இளையவர் பணியில் சேர்ந்து நான்காண்டுகளே ஆன பெண். இருவருக்கும் இடைப்பட்டவர் இதை எழுதுகிறவர். மூத்தவருக்கு ஆய்வரங்கைக் காட்டிலும் பெரிய காரணமொன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1983க்குப் பின் தமிழகம் வந்த மாணவர்களுள் ஒருவர் முதுகலை வகுப்பில் அவருடன் படித்தவர். இரண்டாண்டுகள் விடுதியில் ஒரே அறை. அந்த நண்பர் பின்னர் ஊர் திரும்பி, பள்ளியாசிரியராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். நீரிழிவினால் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது என்றும், மற்றக் கண்ணும் மங்கி வருகிறது என்றும் செய்தி வந்திருந்தது. “அவன் கண்ணில் பட்டுவிட்டு வர வேண்டும்” என்று மூத்தவர் ஒருமுறை சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே எங்கள் எல்லா உரையாடல்களிலும் அது உட்கார்ந்திருந்தது.

வழிகள் இரண்டு எனவே நாங்கள் நினைத்திருந்தோம். ஒன்று, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பெறும் அனுமதி. ஈ.டி.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் இந்த மின்னணுப் பயண அனுமதியை இலங்கை அரசு 2012 ஜனவரியில் தொடங்கியது. 2024 ஏப்ரலில் அதனைக் கைவிட்டுத் தனியார் கூட்டமைப்பொன்றின் வழியாக வேறொரு மின்விசா முறையைக் கொண்டுவந்ததும், வழக்கு மூண்டு ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியதும், செப்டம்பர் இறுதியில் பழைய முறையே மீண்டதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. மற்றொன்று, சென்னைக்குச் சென்று தூதரக முகப்பில் ஆவணங்களோடு நிற்பது. (காமன்வெல்த் நாடுகள் தமக்குள் தூதரகம் என்னும் சொல்லைப் புழங்குவதில்லை, சென்னையில் இருப்பது துணை உயர் ஆணையம். ஈழத்தார் அதனைப் பிரதி உயர்ஸ்தானிகராலயம் என்பர். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.)

“சுற்றுலா, தூதரகம். ஆக, உலாவா தூதா என்பதுதான் கேள்வி” என்றார் மூத்தவர். சிற்றிலக்கியம் நடத்துகிறவர் அவர். உலா போகிற தலைவனை ஏழு பருவத்துப் பெண்களும் கண்டு மயங்குவர். விசா கேட்பார் எவருமில்லை. தூதுக்குக் கிளியும் முகிலும் போகும். அவற்றுக்கும் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. இப்படியே சிரித்துக்கொண்டிருந்தோம். கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்னும் தொல்காப்பிய விதியையும் அவர் நினைவூட்ட, “ஐயா, குடிவரவுப் படிவத்தில் அந்த நூற்பா இல்லை, நான் பார்த்துவிட்டேன்” என்றார் இளையவர்.

சிரிப்பு அத்துடன் நின்றது. படிவத்தில் வேறொன்று இருந்தது. வருகையின் நோக்கம் என்ன?

தெரிந்த பயண முகவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டோம். “டூரிஸ்ட்னு போடுங்க சார். எல்லாரும் அப்படித்தான் போறாங்க. பேப்பர் படிக்கப் போறோம்னு எழுதுனா நூறு கேள்வி வரும்” என்றார். மூத்தவர் அவர் பக்கமே நின்றார். அவருடைய வாதத்தில் பொய் இல்லை. சுற்றுலாப் பிரிவில் நண்பர், உறவினரைக் காண்பதும் அடங்கும். அவர் நண்பரைக் காணத்தான் போகிறார். இடையில் ஒரு நாள் மேடையேறி இருபது நிமிடம் பேசுவதை யார் கணக்கில் வைக்கப்போகிறார்கள்? அதோடு அவரிடம் ஆழமான மனத்தாங்கலும் ஒன்று இருந்தது. சி.வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார், 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். எவரிடம் நோக்கம் சொன்னார்? விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அதே இருக்கையில் அமர்ந்தார். எழும்பூரில் சீட்டெடுத்தவர் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டமும், 1964 டிசம்பர்ப் புயலும் வரும்வரை அந்த வழி வேறு வகையானது. “தமிழிடம் தமிழ் பேசப் போவதற்கு நோக்கம் எழுத வேண்டுமா?” என்றார். எங்களிடம் விடை இல்லை. இப்போதும் இல்லை.

இளையவர் மறுத்தார். அவர் சொன்ன காரணம் வறண்டது, ஆனால் உறுதியானது. நாங்கள் அரசுக் கல்லூரி ஆசிரியர்கள். வெளிநாடு செல்லத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ‘ஆய்வரங்கில் கட்டுரை வாசிக்க’ என்று எங்கள் கையாலேயே எழுதியிருந்தோம். இங்கே ஒரு நோக்கம், அங்கே இன்னொரு நோக்கமா? மேலும் அவர் 2013ஆம் ஆண்டை நினைவூட்டினார். நோர்வே குடியுரிமை பெற்றவரான கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன், ‘ஆடுகளம்’ படத்தின் வழியே தமிழகத்தில் பலரும் முகமறிந்தவர், அவ்வாண்டு நவம்பரில் சுற்றுலா விசாவில் தாயகம் சென்றிருந்தபோது கூட்டங்களில் பேசி விசா விதிகளை மீறினார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். அந்த மண்ணில் பிறந்தவருக்கே அப்படி. காலம் மாறியிருக்கலாம். ஆனால் விசாவில் சுற்றுலா என்றிருந்தால், மேடையேறிப் பேசுவது குற்றமா என்று கேட்கத் தோன்றுகிறவனுக்கு அது ஒரு பிடி.

இப்படி இரண்டு வாரம் போயிற்று. இதற்கிடையே, வேகமாக முடித்துவிடலாம் என்று ஒரு நள்ளிரவில் உட்கார்ந்த எங்களுள் ஒருவர் (யாரென்று கேட்க வேண்டாம்) அரசுத் தளத்தைப் போலவே சின்னமும் நிறமும் கொண்ட ஏதோவொரு தளத்தில் பாதிப் படிவத்தை நிரப்பி, பன்மடங்கு கட்டணம் கேட்ட பிறகே விழித்துக்கொண்டார். இலங்கை அரசுத் தளமாயின் முகவரி ‘ஜிஓவி டாட் எல்கே’ என முடிய வேண்டும். தேடுபொறியில் முதலில் வருவதெல்லாம் அரசு அன்று.

இறுதியில் முடிவைக் கொணர்ந்தது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. ஆய்வரங்கை ஒழுங்கு செய்த பேராசிரியர் தங்குமிடம் பற்றிப் பேச எடுத்திருந்தார். மூத்தவர் விசாப் பேச்சைத் தொட்டார். மறுமுனையில் சற்று அமைதி. பிறகு அவர் சொன்னார்: “நீங்கள் உங்கட வசதிப்படி எடுங்கோ. ஆனா நாங்கள் நிகழ்ச்சி நிரலில உங்கட பேர் போட்டு அடிச்சிட்டம். அதில இருக்கிறதையே விசாவிலயும் எழுதினியள் எண்டால் நல்லது. பிறகு ஒருத்தரும் எங்களிட்ட வந்து விசாரிக்க மாட்டினம்.”

‘எங்களிட்ட’ என்றார். அதுவரை எங்கள் மூவர் வாதத்திலும் வராத சொல் அது. பிழை நேர்ந்தால் எங்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு மாதம் துறையறையில் அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்போம். கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டு அங்கேயே இருக்கப்போகிறவர்கள் அவர்கள். மூத்தவர் தொலைபேசியை வைத்துவிட்டு, “சென்னைக்கு டிக்கெட் போடும்மா” என்றார்.

நெல்லை எக்ஸ்பிரசில் ஏறினோம். திருநெல்வேலியிலிருந்து சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாணமோ பறவை பறக்கும் வழியில் அதில் பாதிகூட இல்லை. கிழக்கே போவதற்கு அனுமதி கேட்க இரவு முழுவதும் வடக்கே போனோம். மூத்தவர் உறங்கவில்லை. மடியில் இருந்த உறையில் அழைப்புக் கடிதம், தடையின்மைச் சான்றின் படி, புகைப்படங்கள், அவற்றோடு 1980களின் இறுதியில் விடுதி வாசலில் எடுத்த மங்கிய படம் ஒன்று. அதை ஏன் எடுத்து வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

முகப்பில் இருந்த பெண் அலுவலர் எங்கள் கடிதத்தை முழுவதும் வாசித்தார். அதுவே எங்களுக்கு வியப்பு. பிறகு, “மூன்று நாள் ஆய்வரங்குக்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? இதற்கு இங்கே வர வேண்டியதே இல்லை” என்றார். இணையத்தில் நாங்கள் பார்த்தது சுற்றுலாப் பிரிவு ஒன்றை மட்டுமே. அதே தளத்தில் வணிக நோக்கம் என்று இன்னொரு பிரிவு உண்டு. வணிகப் பேச்சுகளோடு மாநாடு, கருத்தரங்கு, பட்டறை, குறுகிய காலப் பயிற்சி முதலியவையும் அதற்குள்தான் வருகின்றன. வேலைக்கோ நீண்டகாலம் தங்கவோ போகிறவர்களுக்குத்தான் வேறு வழி. மூன்று வாரம் உலாவா தூதா என்று வாதாடிய மூன்று தமிழாசிரியர்களும், ‘வணிகம்’ என்ற தலைப்பைப் பார்த்ததுமே இது நமக்கில்லை என்று தாண்டிப் போயிருந்தோம். தலைப்பை மட்டும் படித்துவிட்டு விடையெழுதும் மாணவர்களை நாங்கள் எத்தனை முறை கடிந்திருக்கிறோம்!

தொல்காப்பியர் பிரிவை வகுத்தபோது ஓதற்குப் பிரிதல், தூதிற்குப் பிரிதல், பொருளுக்குப் பிரிதல் எனத் தனித்தனியே வைத்தார். இன்றைய படிவம் ஓதலையும் பொருளையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் போகிற போக்கைப் பார்த்தால் அது பெரிய தவறும் அன்று.

எழுந்து நின்ற மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஆய்வரங்கு முடிந்த பிறகு ஒரு நண்பரைப் பார்க்கப் போகலாமா? இந்தப் பிரிவில் அதற்கு இடம் உண்டா?” அந்த அம்மையார் அவரை நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, நண்பர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்காதே என்று எந்த விசாவும் சொல்லாது” என்றார். எங்களுக்கு வேண்டியிருந்தது இந்த வாக்கியமே என்று அப்போதுதான் தெரிந்தது. இணையப் பக்கத்தில் இதைக் கேட்கவும் கட்டம் இல்லை, சொல்லவும் கட்டம் இல்லை.

அன்று மாலையே சென்னையில் ஓர் உறவினர் வீட்டுக் கணினியில் மூன்று விண்ணப்பங்களையும் நிரப்பினோம். நீண்ட நேரம் பிடித்தது பெயருக்குத்தான். முதலெழுத்தும் பெயருமாக வாழ்கிற தமிழருக்குக் குடும்பப் பெயர் என்னும் கட்டம் எப்போதும் சங்கடம். எங்கள் மூவர் கடவுச்சீட்டிலும் மூன்று விதம். மூத்தவருக்குத் தந்தை பெயர் அங்கே ஏறியிருந்தது. இளையவருக்குக் கணவர் பெயர். இடைப்பட்டவருக்கு அந்த இடம் வெறுமை. வெறுமையை ஏற்காத இணையப் படிவங்கள் பல. கடவுச்சீட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே படிவத்திலும் பயணச் சீட்டிலும் இருக்க வேண்டும் என்பதால், ஓர் எழுத்தைத் தட்டி மூவரும் உரக்கப் படித்து அடுத்த எழுத்துக்குப் போனோம். பாடபேதம் பார்க்கிற பழக்கம் அன்று உதவிற்று. அனுமதி இரண்டு நாட்களில் மின்னஞ்சலில் வந்தது. அது விசாவும் அன்று. விமானம் இறங்கிய இடத்தில் அலுவலர் முத்திரையிட்டால்தான் நுழைவு. இறுதிச் சொல் எப்போதும் ஒரு மனிதரிடம்தான் இருக்கிறது.

பலாலியில் இறங்கினோம். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ளான பயணம். சிறிய விமான நிலையம். 2019இல் தொடங்கிய இந்த வான்வழி, பெருந்தொற்றில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. வரிசையில் மூத்தவர் முன்னே நின்றார். குடிவரவு அலுவலர் நோக்கத்தைக் கேட்டதும், அழைப்புக் கடிதத்தை நீட்டி, கட்டுரையின் தலைப்பையும் முழுமையாகச் சொன்னார். அவர் கேட்டது அவ்வளவன்று. முத்திரை விழுந்தது. அந்த ஓசைக்குப் பிறகு மூத்தவர் சில அடிகள் நடந்து, பையைக் கீழே வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே மகன் தோளைப் பற்றியபடி நண்பர் நின்றிருந்தார். ஆய்வரங்கு முடிந்துதான் சந்திப்பதாகப் பேச்சு; அவர் காத்திருக்கவில்லை. இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நண்பர் கேட்டார்:

“விசா தந்தவங்களே? என்னெண்டு போட்டனீ?”

“வணிகம்.”

“வணிகமோ? நீயோ?” நண்பர் சிரித்தார். “என்னத்தையடா விக்க வந்தனீ?”

மூத்தவர் உறையிலிருந்து அந்த மங்கிய படத்தை எடுத்து, நண்பரின் நல்ல கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துக் காட்டினார்.