புளியங்கொட்டைப் போக்கர்



2025 கோடை விடுமுறையில் நான் போக்கர் ஆடக் கற்றுக்கொண்டேன். ஆமாம், சீட்டாட்டம்தான். உங்கள் பையிலிருந்து சீட்டுக்கட்டைப் பிடுங்கி மேசை டிராயரில் பூட்டி வைத்த அதே கணக்கு வாத்தியார்தான் இதை எழுதுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி கசிந்ததிலிருந்து "சாருக்கு என்ன ஆச்சு?" என்று நாலைந்து பேர் போனில் விசாரித்துவிட்டீர்கள். எனவே முழுதாகவே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். கணக்கு வரும் இடத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

நம் பக்கத்துக்குச் சீட்டு புதிதல்ல. கல்யாண மண்டபத்தில் முதல் நாள் இரவு, துக்க வீட்டில் கண்விழிக்கும் இரவு, நெல்லை எக்ஸ்பிரஸில் துண்டை விரித்து, ஆற்றங்கரை மண்டபத்தில் வெயில் தாழும்வரை என்று எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறோம். பெரியவர்களுக்கு ரம்மி, இருபத்தெட்டு. பிள்ளைகளுக்குக் கழுதை. போக்கர் மட்டும் நமக்கு ஆங்கிலப் படத்தில் பார்த்த ஆட்டம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் பரவிய ஆட்டம், நம் ஊருக்குச் செல்போன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

நான் கற்றுக்கொண்டதற்குக் காரணம் ஒரு மாணவன். அவன் அனுமதி பெற்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறான். அந்த ஏப்ரலில் மனைவியோடு வீட்டுக்கு வந்தான். செயலியில் முதலில் ரம்மி, பிறகு போக்கர். இரண்டு ஆண்டுகளில் நாலரை லட்சம் போய்விட்டது. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை, காபியையும் தொடவில்லை. அவன்தான் கேட்டான்: "சார், நான் கணக்குல நூத்துக்கு நூறு. கோர்ட்டே இது திறமை ஆட்டம்னு சொல்லுது. ரூல்ஸ் எல்லாம் எனக்குத் தெரியும். அப்புறம் எப்படி சார் தோத்தேன்?"

சூதாடாதே என்று புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவன் கேட்டது கணக்கு. ஆட்டம் தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. "ஒரு மாதம் டைம் கொடு" என்று அனுப்பிவைத்தேன்.

மே மாதம் பெங்களூரிலிருந்து என் தங்கை பேரன் வந்தான். அவனுக்குக் கல்லூரி விடுதியிலேயே போக்கர் பழக்கம். அவன்தான் ஆசிரியர். காசு கிடையாது என்பது என் நிபந்தனை. வீட்டில் புளி உடைத்து மிஞ்சிய கொட்டையை எண்ணி, ஆளுக்கு 100 வைத்துக்கொண்டோம். நான், என் வீட்டம்மா, மகள், மாப்பிள்ளை, பேரன், ஆக ஐந்து பேர்.

விதிகள் இவ்வளவுதான். 52 சீட்டு, ஜோக்கர் கிடையாது. ஆளுக்கு 2 சீட்டு, மற்றவருக்குக் காட்டக்கூடாது. சீட்டு போடுபவருக்கு அடுத்து இருக்கும் இருவர், சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கொஞ்சம் வைக்க வேண்டும். இதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். நாங்கள் 2 கொட்டை, 4 கொட்டை என்று வைத்தோம். பிறகு ஒவ்வொருவராகச் சுற்றி வரும். முன்னவர் வைத்த அளவுக்குச் சமமாக வைத்தால் 'கால்'. கூட்டி வைத்தால் 'ரெய்ஸ்'. சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகினால் 'ஃபோல்ட்'. யாரும் புதிதாக எதுவும் வைக்காத நேரத்தில் சும்மா விடுவது 'செக்'.

ஃபோல்ட் என்றதும் ரம்மிக்காரர்களுக்கு ஸ்கூட் ஞாபகம் வரும். அதேதான். ஆனால் ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டாலும் 20 புள்ளி போகும். போக்கரில் அதுவரை வைத்தது மட்டுமே போகும். பிளைண்ட் இல்லாத ஆட்டத்தில் முதலிலேயே விலகினால் ஒன்றும் போகாது.

ஒரு சுற்று முடிந்ததும் நடுவில் 3 சீட்டு திறக்கப்படும். அது 'ஃபிளாப்'. எல்லோருக்கும் பொது. மறுபடி ஒரு சுற்று. நாலாவது சீட்டு 'டர்ன்'. மறுபடி ஒரு சுற்று. ஐந்தாவது சீட்டின் பெயர் 'ரிவர்'. தாமிரபரணிக்காரனுக்கு அந்தப் பெயர் மட்டும் மறக்கவே இல்லை. கடைசிச் சுற்றுக்குப் பிறகும் விலகாமல் இருப்பவர்கள், கையில் உள்ள 2, நடுவில் உள்ள 5, ஆக 7 சீட்டில் சிறந்த 5-ஐக் காட்ட வேண்டும். பெரிய சேர்க்கை வைத்திருப்பவருக்கு நடுக் குவியல் முழுவதும். எல்லோரும் விலகி ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர் சீட்டைக் காட்டாமலே அள்ளிக்கொள்ளலாம்.

எது பெரியது, எது சிறியது? இங்கேதான் எனக்கு ஆட்டம் பிடித்துப்போனது. மனப்பாடம் செய்யவே வேண்டாம், எது அரிதோ அது பெரிது. 52 சீட்டிலிருந்து 5 சீட்டை 25,98,960 விதமாக எடுக்கலாம். பதினோராம் வகுப்பில் சேர்வுகள் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். அதில்:

ராயல் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ்): 4
ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் மற்ற வரிசைகள்): 36
நாலு ஒன்றுபோல்: 624
ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒன்றுபோல், ஒரு ஜோடி): 3,744
ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம், வரிசை இல்லை): 5,108
ஸ்ட்ரெய்ட் (வரிசை, சின்னம் கலந்தது): 10,200
மூன்று ஒன்றுபோல்: 54,912
இரண்டு ஜோடி: 1,23,552
ஒரு ஜோடி: 10,98,240
ஒன்றுமே இல்லை: 13,02,540

கடைசி இரண்டு வரியைக் கூட்டிப் பாருங்கள். 5 சீட்டு எடுத்தால் 100-க்கு 92 தடவை ஒரு ஜோடியோ, அதுகூட இல்லாத வெறுங்கையோதான். சினிமாவில் கதாநாயகனுக்கு மட்டும் எப்போதும் ராயல் ஃப்ளஷ் வரும்.

சரி, திறமை எங்கே இருக்கிறது? ஓர் உதாரணம். நாலு சீட்டு நடுவில் திறந்தாகிவிட்டது. உங்களுக்கு ஹார்ட்டின் நாலு இருக்கிறது. கடைசிச் சீட்டும் ஹார்ட்டினாக வந்தால் ஃப்ளஷ், ஜெயித்துவிடலாம். நீங்கள் பார்க்காத சீட்டு 46, அதில் ஹார்ட்டின் 9. குவியலில் 80 கொட்டை இருக்கிறது. எதிரி 20 வைக்கிறார். நீங்கள் 20 வைக்க வேண்டுமா?

இதே நிலை 46 முறை வருவதாக நினையுங்கள். 9 முறை 100 கிடைக்கும், 900. 37 முறை 20 போகும், 740. மிச்சம் 160. எனவே வைக்கலாம். அதே எதிரி 20-க்குப் பதில் 80 வைத்தால்? 9 முறை 160 கிடைக்கும், 1,440. 37 முறை 80 போகும், 2,960. எனவே விலக வேண்டும். சீட்டு அதேதான், ஆசையும் அதேதான், கேட்கும் விலைதான் மாறிவிட்டது.

ஆக, இது திறமை ஆட்டமா என்றால், ஆமாம். கணித மேதை ஜான் வான் நாய்மன் தன் ஆட்டக் கோட்பாட்டில் போக்கரை எடுத்து ஆராய்ந்தார். 1944-இல் மார்கென்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் அது இருக்கிறது. நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் காட்டி வைப்பதற்கும் அதில் கணக்கு உண்டு.

என் வீட்டம்மாவுக்கு வான் நாய்மன் தேவைப்படவில்லை. இரண்டு சீட்டைப் பார்ப்பாள், கவிழ்ப்பாள், அரிசி புடைக்கப் போய்விடுவாள். "என்ன, ஆடவே மாட்டேங்கே?" என்றதற்குச் சொன்னாள்: "மீன் வாங்குத மாதிரிதான். வெல கட்டலன்னா கூடையத் தூக்கிட்டு வந்துரணும்." மாப்பிள்ளையோ எல்லா ஆட்டத்திலும் இருந்தார், கூட்டிக்கொண்டே போனார்.

இரண்டு மாலைகள் பழகிய பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். மேசை ஓரத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் குவியலில் 20 கொட்டைக்கு ஒன்று வீதம் டம்ளருக்கு. அதாவது 5 சதவீதம். காசு வைத்து ஆடும் இடங்களில் ஆட்டத்தை நடத்துபவர் இப்படித்தான் எடுப்பார். 'ரேக்' என்று பெயர். அளவு இடத்துக்கு இடம் மாறும். நான் கணக்குக்காக 5 என்று வைத்துக்கொண்டேன். 20-க்கு 1 தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

40 ஆட்டம் முடிந்து எண்ணினோம். வீட்டம்மா 131. மகள் 94. பேரன் 88. நான் 71. மாப்பிள்ளை 36. மொத்தம் 420. தொடங்கும்போது இருந்தது 500. மிச்சம் 80 டம்ளரில்.

நன்றாக ஆடியவளுக்கு லாபம் 31. ஒரு சீட்டுகூடப் பிடிக்காத டம்ளருக்கு லாபம் 80.

செல்போனில் கலைத்துப் போடும் நேரம்கூடக் கிடையாது. மணிக்கு 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 2 கொட்டை என்று வைத்தால், நாலு மணி பத்து நிமிடத்தில் 500 கொட்டை. மேசைக்குக் கொண்டுவந்தது மொத்தமும் டம்ளருக்குப் போயிருக்கும். தொடர்ந்து ஆட வேண்டுமானால் யாராவது வீட்டிலிருந்து மறுபடி கொண்டுவர வேண்டும்.

ஜூன் மாதம் அவன் வந்தபோது சீட்டை எடுக்கவில்லை. நோட்டில் இந்தக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டினேன். மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, திறமை என்பது கணக்குத் தெரிவது அல்ல, மேசையில் இருக்கும் மற்றவர்களைவிட நன்றாகத் தெரிவது. அவர்களும் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களாக இருக்கலாம். இரண்டு, ஓரளவு திறமை போதாது, டம்ளரையும் தாண்ட வேண்டும். மூன்று, போன காசை மீட்க உட்கார்ந்தவனால் ஃபோல்ட் செய்ய முடியாது. விலகத் தெரிவதுதான் இந்த ஆட்டத்தில் பாதித் திறமை. இரவு ஒரு மணிக்கு, கடன் வாங்கிய காசில், அது முதலில் போய்விடும்.

வெகுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எதிர்ல ஆடுறவனத்தான் சார் பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த டம்ளர நான் பாக்கவே இல்ல" என்றான். அப்போதுதான் அந்தப் பெண் முதல் முறையாகப் பேசினாள்: "இன்னும் எவ்வளவு கடன் இருக்குன்னு சார் முன்னால சொல்லுங்க." சொன்னான். அவளுக்குத் தெரிந்ததைவிட அறுபதாயிரம் அதிகம்.

கோர்ட் சொன்னதைப் பற்றியும் அவன் கேட்டானல்லவா? 1968-இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. அதை எல்லோரும் சொல்வார்கள். அதே தீர்ப்பில், கிளப்போ வீட்டுக்காரரோ அந்த ஆட்டத்தால் லாபம் அடைந்தால் குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. அப்போதே நீதிபதிகள் கண்ணில் டம்ளர் பட்டிருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அந்த நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் இரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்ற விதி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டத்தையும் தடை செய்து சட்டம் இயற்றியது. பெரிய செயலிகள் காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அதனால் ஆசை நின்றுவிடாது. வேறு ஏதாவது இணைப்பு போனுக்கு வரத்தான் செய்யும்.

திருக்குறளில் 94-ஆம் அதிகாரம் சூது. வீட்டில் புத்தகம் இருந்தால் முதல் குறளை எடுத்துப் பாருங்கள். வள்ளுவர் அதில் நம்மை எச்சரிப்பது தோல்வியைக் காட்டி அல்ல, வெற்றியைக் காட்டி. பதில் தேடிய பிறகு படித்ததால் எனக்கு அது புதிதாகப் புரிந்தது.

அவன் இப்போது மாதாமாதம் கடன் அடைக்கிறான். ஏடிஎம் அட்டை மனைவியிடம். ஆலோசனைக்கும் போய்வருகிறான். இடையில் ஒரு முறை தடுமாறினான், அதையும் அவனே வந்து சொன்னான். நகை இன்னும் திரும்பவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால், முதல் நாளே திட்டாதீர்கள். எவ்வளவு போனது என்ற உண்மையான எண் வெளியே வர வேண்டும். திட்டினால் அது வராது. 14416 டெலி மானஸ் எண், இலவசம், இரவிலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

மற்றபடி பிள்ளைகள் லீவுக்கு வரும்போது புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். நிகழ்தகவு இதைவிட நன்றாகப் புரிய வேறு வழி கிடையாது. ஓரத்தில் மறக்காமல் ஒரு டம்ளர் வையுங்கள், கடைசியில் அதைப் பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம்: முதலில் வரும் இரண்டு சீட்டும் ஆஸாக இருக்க வாய்ப்பு எத்தனையில் ஒன்று? விடையைக் கமெண்டில் எழுதுங்கள். செய்முறை இல்லாத விடைக்கு மார்க் கிடையாது. அது உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
பாளையங்கோட்டை.