ஃபார்மட் கடைசியில்தான்

“கடைசியா இது எப்ப நல்லா ஓடுச்சு? அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?”

பொன்னமராவதியில் கணினி பழுது பார்க்கும் ஒரு கடைக்காரர், ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் கேட்கும் கேள்விகள் இவை. வந்தவர் பெரும்பாலும், “ஒண்ணும் செய்யலைண்ணே, தானா நின்னுடுச்சு” என்பார். கடைக்காரர் அதை மறுப்பதில்லை. கரண்ட் போய் வந்ததா, பெட்டியை வேறு அறைக்கு மாற்றினீர்களா, புதிதாகப் பிரிண்டர் எதுவும் மாட்டினீர்களா, வீட்டில் வேறு யார் தொட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். நான் அங்கிருந்தபோது, திறக்காமலேயே தீர்ந்த பழுதுகள் திறந்து தீர்த்தவற்றுக்குக் குறைந்தவையல்ல.

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கே, சிவகங்கை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். தாலுகா தலைமையிடம், ஆனாலும் சின்ன ஊர்தான். சுற்றிலும் செட்டிநாட்டுக் கிராமங்கள். நகைக்கடைக் கணக்கு, பத்திரம் எழுதுபவரின் கோப்புகள், கல்யாண ஸ்டூடியோவின் வீடியோ, இ-சேவை மையம், அச்சகம், கல்லூரிப் பிள்ளையின் ப்ராஜெக்ட் என்று எல்லாமே இன்று ஏதோ ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடிப் போவதென்றால் பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். அங்கே உத்தரவாதம் இருந்தால் பாகத்தை மாற்றித் தருவார்கள். உள்ளே இருந்த கோப்புக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது. அந்தக் கோப்புக்காகத்தான் இந்தக் கடைக்கு ஆள் வருகிறார்கள்.

கடையில் இரண்டு பேர். நாற்பதைத் தாண்டிய கடைக்காரர் ஒருவர். மற்றவர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த இளம்பெண். சால்டரிங் வேலை முழுக்க அவர் கையில். வாடிக்கையாளர்களில் சிலர் முதலில் அவரைத் தாண்டிக் கடைக்காரரைத்தான் பார்ப்பார்கள். “தங்கச்சிகிட்டயே சொல்லுங்க, போர்டு வேலை அதுதான் பாக்குது” என்று கடைக்காரர் கைகாட்டி விடுகிறார்.

ஆன் ஆகாத சிபியு ஒன்று மேஜைக்கு வந்தது. முதலில் சுவர் பிளக்கிலிருந்து தொடங்கினார் அந்தப் பெண். வேறு பவர் கேபிள் போட்டுப் பார்த்தார். பலனில்லை. பிறகு மதர்போர்டிலிருந்து 24 முனை கனெக்டரைக் கழற்றி, அதில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தார். பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருந்தால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. அதன் மூடியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வெகுநேரம் ஒதுக்கி வைத்தார். உள்ளேயிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய உடனே கை வைத்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். மல்டிமீட்டரில் அளந்து, இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் விரல் உள்ளே போனது. போர்டின் குறுக்கே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. வெதுவெதுப்பு தேடிப் பல்லியும் எறும்பும் உள்ளே போவது இந்தப் பக்கத்தில் சாதாரணம். பின்பக்கத்துத் தகடு காணாமல் போன சிபியுவுக்கு இங்கே அட்டை வெட்டியாவது ஓட்டை அடைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

டிஸ்ப்ளே வராத பெட்டிக்கு வேறு வைத்தியம். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியை ஊதித் திரும்ப மாட்டுவது. தொடுமுனையில் படிந்த கறை போனாலே பல பெட்டிகள் எழுந்துவிடுகின்றன. வருகிறவர்கள் இதை மந்திரம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பெண் காரணத்தைச் சொல்லி, அடுத்த முறை வீட்டிலேயே செய்துகொள்ளக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார். வருமானம் குறையாதா என்று கேட்டேன். “இதுக்கெல்லாம் பஸ் ஏறி வர வேணாம்ணே. பெரிய வேலைன்னா தானா நம்மகிட்ட வருவாங்க.”

இ-சேவை மையம் நடத்தும் ஒருவர், எந்த அரசுத் தளமும் திறக்கவில்லை, வைரஸ் புகுந்துவிட்டது, ஃபார்மட் போட்டுக் கொடுங்கள் என்று வந்தார். கடைக்காரர் திரையின் வலது மூலையைத்தான் பார்த்தார். தேதி பத்து வருடத்துக்கு மேல் பின்னால் நின்றது. மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு சிறு பேட்டரி இருக்கும், 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால், ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் கடிகாரம் போர்டு பிறந்த காலத்துக்குத் திரும்பிவிடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. கணினியின் தேதி அதற்கு முன்னால் இருந்தால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். சில பத்து ரூபாய் பேட்டரி, தேதியைத் திருத்தினால் முடிந்தது. ஃபார்மட் போட்டிருந்தால்? விண்டோஸ் புதிதாக இருக்கும், கோப்புகள் போயிருக்கும், தேதி மறுநாளும் பின்னால்தான் போயிருக்கும். கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இதே பழுது இன்னும் கொடியது. நாள் தவறிய பதிவுகள் வரிசையாக ஏறிவிடும்.

இந்தத் தொழிலின் மேல் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இங்கேதான். ‘ஃபார்மட் போட்ரலாம்’ என்பது எத்தனையோ கடைகளில் முதல் வாக்கியமாக இருக்கிறது. காரணம் தேட வேண்டாம், ஒரு மணி நேரத்தில் பெட்டி ஓடும், காசு கிடைக்கும். வாடிக்கையாளருக்கோ அதற்குப் பிறகுதான் இழப்பு தெரிய வரும். இந்தக் கடையில் வரிசை வேறு: முதலில் கேள்வி, அடுத்து நகல், அப்புறம் பழுது, வேறு வழியே இல்லையென்றால் ஃபார்மட்.

தமிழில் வேலை செய்யும் கணினிகளில் வருகிற ஒரு பழுதையும் இங்கே பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தின் கணினி அது. வேறு ஊரில் யாரோ ஃபார்மட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கோப்புகளை டி டிரைவில் பத்திரமாகவும் வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாக வருகிறது. கொன்னையூர் மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு அடித்த பழைய நோட்டீஸ்கள், வருடா வருடம் பெயரை மட்டும் மாற்றி அச்சிடும் வடிவங்கள் எல்லாம் போய்விட்டன என்று அச்சக உரிமையாளர் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றும் போகவில்லை. அச்சகங்களில் இன்னும் ஓடும் பேஜ்மேக்கர் 7 யூனிகோடை அறியாத மென்பொருள். அதில் தமிழ் அடிக்கப் பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். அவை ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். சி டிரைவோடு அது அழிந்தால் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன் சேர்ந்த கோப்புகள் மலையளவு இருக்கின்றன. ஊர் வரலாறு, கோயில் கணக்கு, ஒரு தலைமுறையின் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவற்றில்தான். கடைக்காரர் தன் பென் டிரைவில் பழைய எழுத்துருக்களை ஒரு கோப்புறையாகச் சேர்த்து வைத்திருக்கிறார். எந்தக் குடும்பத்து எழுத்துரு என்று இரண்டு வரியைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். நிறுவியதும் நோட்டீஸ் தமிழில் எழுந்தது. அச்சக உரிமையாளர் அம்மன் பெயரைத்தான் முதலில் வாசித்தார்.

இந்த மாதிரிக் கணினிகளுக்குப் புதிய விண்டோஸ் போடச் சொன்னால் அவர் அவசரப்படுவதில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2017க்குப் பின் வந்த பிராசஸரும் வேண்டும். அச்சகக் கணினிக்கு அவர் சொன்ன வழி: இணையத்தைக் கழற்றிவிட்டு, இதைப் பத்திரிகை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மெயிலுக்கு வேறு பெட்டி.

அலமாரியின் கீழ்த்தட்டில் அரசின் விலையில்லா மடிக்கணினிகள் அடுக்கியிருந்தன. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மடிக்கணினி பெற்றார்கள். கிராமத்து வீடு பலவற்றில் முதல் கணினி அதுதான். கீல் உடைந்தவை, பேட்டரி உப்பியவை, கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யாதவை என்று இன்றும் வருகின்றன. அக்காள் படித்ததைத் தம்பி கொண்டுவருகிறான். உப்பிய பேட்டரியை அந்தப் பெண் அழுத்துவதோ குத்துவதோ இல்லை, லித்தியம் தீப்பிடிக்கும். கழற்றித் தனியே வைத்துவிட்டு, சார்ஜரில் நேரடியாக ஓட்டித் தருகிறார். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஏற்றினால், பாடம் படிக்கவும் விண்ணப்பம் அனுப்பவும் இன்னும் சில வருடம் தாங்கும். இதற்கு வாங்கும் கூலியைக் கேட்டால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவு குறைவு. பாகங்கள் பலவும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வருகின்றன.

புதிய லேப்டாப்களில் வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து விண்டோஸ் 11இல் நுழைந்ததும் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. ஒருநாள் பயாஸ் புதுப்பித்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது வாங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கணக்கை உருவாக்கியவர் லேப்டாப்பை விற்றவர். கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. இதற்குக் கடைக்காரரிடம் மருந்து கிடையாது. சாவி இல்லாமல் திறக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அதனால் நல்ல நிலையில் வரும் லேப்டாப்பாக இருந்தாலும், சாவியை அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைக்கச் சொல்கிறார்.

இந்தச் சாவித் தேடல் பெரிய நிறுவனங்களையும் விட்டதில்லை. 2024 ஜூலை 19இல் க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தவறைத் திருத்திவிட்டது. ஆனால் விழுந்த கணினி இணையத்துக்கு வந்தால்தானே திருத்தம் சேரும்? கடைசியில் ஆள் ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பூட்டிய டிஸ்க்குகளுக்கு அங்கேயும் அதே 48 இலக்கங்களைத் தேடினார்கள். பொன்னமராவதியில் இந்த இருவர் தினமும் செய்யும் வேலையைத்தான் அன்று பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

அழிந்த கோப்பை மீட்பதில் அவர்கள் காட்டும் பொறுமை தனி. ஹார்டு டிஸ்க்கில் கோப்பை அழித்தால், முதலில் அழிவது பட்டியலிலிருக்கும் அதன் பெயர்தான். மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். எனவே மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதுதான் மக்கள் செய்யும் பெரும் தவறு. எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை இன்னும் குறைவு; அழித்த இடத்தைக் காலியென்று அதற்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை கொஞ்ச நேரத்திலேயே வேலையை முடித்துவிடும். பழுதடைந்த ஹார்டு டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுகிறார்கள். சாதாரணமாகக் காப்பி செய்தால் கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். இது அந்த இடங்களைத் தாண்டி, நல்லவற்றை முதலில் அள்ளிக்கொண்டு, விட்டதைக் குறித்துவைத்துப் பிறகு திரும்புகிறது. இரவு முழுக்க ஓடும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மாலையில் ஒரு கல்யாண ஸ்டூடியோக்காரர் வெளிப்புற ஹார்டு டிஸ்க்கோடு வந்தார். மேஜையிலிருந்து விழுந்திருக்கிறது. அந்தப் பெண் ஒருமுறை இணைத்துக் காதருகே வைத்தார். டிக், டிக் என்று ஒரே சீரான சத்தம். உடனே பிடுங்கிவிட்டார்.

“இன்னொரு தடவை போட்டுப் பாருங்க தங்கச்சி.”

“வேணாம்ணே. போடப் போட உள்ளே கீறிக்கிட்டே போகும்.”

படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது உடைந்து தட்டில் உரசினால், ஒவ்வொரு சுற்றிலும் படம் தூளாக உதிரும். திறந்து முனையை மாற்றத் தூசியே இல்லாத அறை வேண்டும். பெருநகரங்களில் அதற்கான ஆய்வகங்கள் இருக்கின்றன. செலவு ஆயிரங்களில், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கடைக்காரர் வேறொன்று கேட்டார்: “கேமரா கார்டு எங்க இருக்கு? அதுக்கப்புறம் ஃபங்ஷன் எடுத்தீங்களா?”

ஒரு கார்டில் மட்டும் புதிதாக எடுத்திருந்தார். மற்றவற்றை அழித்துப் பைக்குள் போட்டிருந்தார். கோப்பின் தலைப்பு அடையாளத்தைக் கொண்டு தேடும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டினார்கள். பெயரும் வரிசையும் இல்லாமல் எண்களாகப் படங்கள் வந்தன. பெண் அழைப்பு, மாலை மாற்றல், தாலி கட்டியது எல்லாம் கிடைத்தன. வீடியோக்களில் சில பாதியில் நின்றன. வரவேற்பு நிகழ்ச்சி மேலெழுதிய கார்டில் இருந்ததால் வரவில்லை. இனி அது விழுந்த டிஸ்க்கில்தான்.

ஸ்டூடியோக்காரர் பெண் வீட்டாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லி, ஆய்வகச் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னார். கடையின் இளம்பெண் டிஸ்க்கை ஆன்டிஸ்டேடிக் உறையில் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டி, சென்னை முகவரிக்குப் பெட்டியைத் தயார் செய்தார். உள்ளே ஒரு தாளில் எழுதினார்: எப்போது விழுந்தது, எந்த உயரத்திலிருந்து, விழுந்தபின் எத்தனை முறை கரண்ட் கொடுக்கப்பட்டது, என்ன சத்தம் வந்தது.