சந்தியிலிருந்து குருந்தூர்மலை வரை

புதுக்குடியிருப்புச் சந்தியில் நின்று பார்த்தால் பனையும் தென்னையும்தான் உயரம். நிலம் கடலை நோக்கித் தட்டையாகச் சரிந்து கிடக்கிறது. ஆனாலும் இங்கிருந்து தெற்கே போகும் வீதியில் இறங்கி, ஊருக்கு ஊர் வீதி மாறிப் போனால், கடைசியில் காட்டுக்குள் ஒரு குன்றின் அடிக்கு வந்து சேரலாம். அதுதான் குருந்தூர்மலை. பாறையும் மண்ணுமான சிறு மேடு. பிள்ளைகளும் வயசாளிகளும் ஆறுதலாக ஏறிவிடலாம். மலையேற்றம் இலகு. அதற்குப் போகிற வழிதான் கனமானது.

முதலில் கேப்பாப்புலவு. போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கிடந்த இந்த ஊர்ச் சனங்களை 2012 செப்டெம்பரில் சொந்தக் காணிக்கு விடாமல் மாதிரிக் கிராமம் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களுடைய காணிகளில் இராணுவம் இருந்தது. 2017 ஜனவரி கடைசியில் பிலக்குடியிருப்புப் பெண்கள் முகாம் வாசலிலேயே குந்தினார்கள். இரவும் பகலும் தறப்பாள் கொட்டிலில் பிள்ளைகளோடு இருந்து, மார்ச் 1 அன்று தங்கள் வளவுகளுக்குள் கால் வைத்தார்கள். ஒரு மாதம் தெருவில் கிடந்தால் காணி திரும்பும் என்று நாட்டுக்குக் காட்டியவர்கள் அவர்கள். கேப்பாப்புலவின் மற்றக் குடும்பங்கள் அன்றைக்கே தங்கள் போராட்டத்தைத் தொடங்கின.

கிழக்கே நந்திக்கடல். அக்கரை முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தை நினைக்காமல் அந்தத் தண்ணீரைப் பார்க்க என்னால் முடிவதில்லை. பார்க்கவேண்டும் என்றும் நினைக்கவில்லை. இக்கரையில் இறாலுக்கு வலை வீசுகிறவர்கள் வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வற்றாப்பளையில் கண்ணகை அம்மன் இருக்கிறாள். வைகாசி விசாகப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். அங்கே பொங்கல் முடிந்த பிறகுதான் மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் புறப்படும். நாங்கள் தெற்கே போகும் அதே வழியால் அது எதிர்த்திசையில் வருகிறது. வன்னியின் வேறெந்த வீதிக்கும் இப்படி ஒரு வருகை வாய்க்கவில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

தண்ணீரூற்றைக் கடக்கும்போது 1990 ஒக்ரோபரில் இங்கிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் இழப்பைப் பேசுகிற வாய் அதையும் பேச வேண்டும்.

குமுழமுனையில் வயல்வெளி விரிகிறது. யானை பிடிக்கும் பணிக்கர்கள் வாழ்ந்த ஊர். வேலப்பணிக்கனின் பெண்சாதி அரியாத்தை கொம்பன் யானையை அடக்கினாள் என்றும், பொறாமைக்காரர் அவளை நஞ்சூட்டிக் கொன்றார்கள் என்றும் வன்னிச் சனம் வழிவழியாகச் சொல்கிறது. 'வேலப்பணிக்கன் ஒப்பாரி' அவளுக்காகப் பிறந்தது. யானைகள் இன்றைக்கும் பின்னேரத்தில் வயலுக்குள் இறங்குகின்றன. வெயில் சாயமுன் மலையைவிட்டு இறங்கச் சொல்வது அதனால்தான்.

பிறகு தண்ணிமுறிப்பு. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கமெல்லாம் வெறிச்சோடியபோது இந்த ஊரும் காலியானது. பாலை, முதிரை, வீரை என்று காடு வயலுக்குள் வளர்ந்தது. குளம் மிகப் பழையது. சூளவம்சம் சொல்லும் குருந்த வாவி இதுவே என்பது ஆய்வாளர் கருத்து.

குன்றின் மேல் செங்கல் இடிபாடுகளும் கல்தூண்களும் உள்ளன. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டிலேயே இவ்விடத்துச் சிதைவுகள் பதிவாகியிருக்கின்றன. கீழுள்ள ஊர்களின் சைவர்கள் இங்கே ஆதிசிவன் ஐயனாரை வழிபட்டு வந்தவர்கள். 2021 ஜனவரி 18 அன்று, அமைச்சர் ஒருவர் முன்னிலையில், இராணுவத்தினர் சூழ அகழ்வு தொடங்கியது. புத்தர் சிலையும் மேலேறியது. அடுத்த ஆண்டுகளில், இந்த இடம்பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே, பழைய இடிபாட்டின் மேல் தூபி எழுந்தது. 2023 ஜூலை 14 அன்று பொங்கப் போனவர்களைப் பொலிசார் தடுத்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று நீதிமன்ற அனுமதியோடு பொங்கினார்கள். செப்டெம்பரில், இந்த வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதவான் ரி. சரவணராஜா, உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார்.

இங்கே பௌத்த எச்சம் இல்லை என்று வாதாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழர்களும் பௌத்தராக இருந்த காலம் உண்டு. கல்லும் செங்கல்லும் சொல்வதை ஆய்வாளர்கள் அச்சமின்றிப் படிக்கட்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய விகாரையைக் காட்டி இன்றைய பொங்கல் பானையை இறக்கச் சொல்வதுதான் அநியாயம்.

காலமையே ஏறிவிடுவது நல்லது. மாரி ஓய்ந்த பிறகு, மாசி பங்குனியில், குளம் நிறைந்து கிடக்கும், காடும் பச்சை மாறாது. ஒரு பக்கம் மரமுடிகள், மறுபக்கம் நீர், அதற்கப்பால் வயல். போருக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் அந்த வெளிகளில் தங்கள் பழைய வரம்புகளைத் தேடினார்கள். வனத்திணைக்களத்தின் எல்லைக்கற்களும் தொல்லியல் திணைக்களத்தின் எல்லைக்கற்களும் அங்கே நிற்கின்றன. 1984க்கு முன் உழுத காணியை உழ, அந்தக் குடும்பங்கள் இன்னும் கந்தோர் வாசல்களுக்கு நடக்கின்றன.