தொழுவம் இருந்த இடத்தில் ஓர் அறை

அம்பூரியில் ஒரு வீட்டின் வயதைக் கூரைதான் சொல்லும். ஓலை போய் ஓடு வந்தது. ஓடு போய் கான்கிரீட் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஓடு இன்னும் போகவில்லை. பலகைச் சுவர், மரத் தட்டு, நடுவே சின்ன முற்றம். கழிப்பறை மட்டும் 30 அடி தள்ளி, ரப்பர் மரங்களுக்குப் பக்கத்தில். 78 வயது அம்மாவுக்கு மழைக்கால இரவில் அது வேறு ஊர்.

அண்ணனிடம் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, இடித்துவிட்டு மாடி வீடு. இல்லையென்றால் பின்புறச் சரிவை ஜேசிபி வைத்து வெட்டி மூன்று அறைகள். முதலாவதற்கு நான் சண்டை போட்டேன். இரண்டாவதை அம்மாவே முடித்துவைத்தார்: "மலையத் தொடாத மக்கா." 2001 நவம்பர் 9 இரவு இதே அம்பூரியில் உருள்பொட்டல் வீடுகளைப் புதைத்ததைப் பார்த்தவர் அவர்.

சரிவை வெட்டாமல் கட்ட முடியாதா? லாரி பேக்கர் கட்டினார். 2007இல் மறைந்த அந்த பர்மிங்காம்காரர், திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் எழுப்பிய தன் வீட்டை ஒரேயடியாகக் கட்டவில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் சரிவின் போக்கிலேயே சேர்த்துக்கொண்டே போனார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையும் அப்படி வளர்ந்ததுதான். 16ஆம் நூற்றாண்டின் தாய்க் கொட்டாரத்தோடு 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மாவின் உப்பரிகை மாளிகை சேர்ந்தது. (1956இல் ஊர் தமிழகத்துக்கு வந்தது; அரண்மனையைக் கவனிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. எல்லையோரத்தில் இதெல்லாம் சகஜம்.) பழைமை என்று நாம் கும்பிடுவதில் பாதி, பிறகு ஒட்டிய அறைகள்தான்.

மாடு போய் வெறுமையாகக் கிடந்த தொழுவம் ஏற்கெனவே சமதரை. அங்கேயே அறை என்று முடிவானது. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் 'எலிப்பொறிக் கட்டு' பேக்கர் பரப்பியது. ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. தொழுவத்தின் மங்களூர் ஓடுகள் புதிய கூரையின் கான்கிரீட்டுக்குள் போயின. தளத்தின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு இடையே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. அந்த இடத்தை ஓடு அடைத்துக்கொள்கிறது. அண்ணாந்து பார்த்தால் தொழுவத்துச் சிவப்பு தெரிகிறது. இன்று ஊரெங்கும் கான்கிரீட்டைச் சரிவாகப் போட்டு மேலே ஓடு ஒட்டுகிறார்கள். பாரம்பரியமாம்! எனக்கு அது நரைக்கு அடித்த சாயம்.

பழைய சுவரோடு புதியதைப் பிணைக்கவில்லை. பழைய அஸ்திவாரம் எப்போதோ இறங்கி ஓய்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். பிணைத்தால் விரிசல் நிச்சயம். ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, மழைக்கு மேலே தகரம் மடித்தோம்.

மார்த்தாண்டம் கொத்தனார் அடியில் அளந்தார். நெய்யாற்றின்கரை ஆசாரி கோலில் அளந்தார். ஒரு கோல் 24 விரல், 72 சென்டிமீட்டர். இருவருக்கும் இடையே நான் மொழிபெயர்த்தேன், அதுவும் கூலியில்லாமல். பழைய ஜன்னலின் அளவையே புதிய ஜன்னலுக்கும் வைத்தார் ஆசாரி. அந்த ஒன்றிலேயே இரண்டும் ஒரே வீடாகிவிட்டன. கழிப்பறைக்குப் படி இல்லை, வாசல் 3 அடி அகலம், சுவரில் எஃகுக் கைப்பிடி.

கழிப்பறைக்கு பிளாஸ்டிக் கதவு போட்டதில் ஆசாரிக்கு வருத்தம். அயனிப் பலகையில் செய்து தருகிறேன் என்று இரண்டு முறை வந்து கேட்டார். ஈரத்தில் ஊதிப்போன கதவை நள்ளிரவில் அம்மா இழுத்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.