கல்லில் அடித்த மர ஆணி

வெல்லாவெளியில் நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் சித்திரப் பாடத்துக்கு ஆளில்லை. வரலாறு எடுக்கிறவர்தானே என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். கையிலிருந்தது பயிற்சிக் கலாசாலைக் கொப்பி ஒன்று. அதில் கிரேக்கக் கோயில்களுக்கு இரண்டு பக்கம். டொரிக் தூண்களின் மேல் உத்தரக்கல். அதற்கும் மேலே, மூன்று கீற்றாக வெட்டிய ட்ரைகிளிப் கல்லும் சிற்பம் செதுக்கிய மெட்டோப் பலகையும் மாறி மாறி ஓடும். ஏதென்ஸ் பார்த்தினனில் மெட்டோப் மட்டும் 92. ஒவ்வொரு ட்ரைகிளிப்பின் கீழும் ஆறு சிறு கல் மொட்டுகள். லத்தீனில் 'குட்டே', அதாவது துளிகள். 'மழைத்துளியைக் குறிக்கும் அலங்காரம்' என்று கொப்பியில் இருந்ததையே கரும்பலகையில் எழுதினேன். பழைய சஞ்சிகைப் படமொன்றையும் வகுப்பில் சுற்றவிட்டேன்.

2008இல் தவணைப் பரீட்சையில் அதைக் கேட்டேன். எல்லோரும் மழைத்துளி என்றெழுத, ஒரு பையன் மட்டும் 'மர ஆணி' என்று எழுதியிருந்தான். இரண்டு புள்ளிக் கேள்வி. பூச்சியம் போட்டதோடு விடாமல் வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவனுடைய தகப்பன் கூரை வேலைக்காரர். 2007 இடப்பெயர்வு முடிந்து படுவான்கரைச் சனம் திரும்பியபோது பல வீடுகளுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. வளை, கைமரம், சலாகை என்று இவனும் தகப்பனோடு ஏறியிறங்கினான். அடுத்த தவணைக்கு வரவில்லை. வேலை கூடிவிட்டது என்றார்கள். அப்படித்தான் நானும் நம்ப விரும்பினேன்.

வித்ருவியஸைப் பற்றிப் பிறகுதான் வாசிக்கக் கிடைத்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டு ரோமக் கட்டடக் கலைஞர். மர வளைகளின் வெட்டுமுனை அசிங்கமாகத் தெரியாதிருக்கத் தச்சர்கள் பலகை பொருத்தி நீல மெழுகு பூசினார்களாம். ட்ரைகிளிப் அந்தப் பலகையின் கல் வடிவம் என்கிறார். கீழுள்ள துளிகள் மர ஆணிகள் என்பது பின்வந்தோர் சொன்னது. எல்லா அறிஞர்களும் இதை ஒப்புவதில்லை. ஆனால், ஒலிம்பியாவின் ஹேரா கோயிலில் மரத்தூண்களைக் கழற்றிக் கல்தூண்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள் என்பார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலும் அங்கே ஓக் மரத்தூண் ஒன்று நின்றதைப் பயணி பௌசேனியஸ் பார்த்து எழுதியிருக்கிறார்.

டொரிக் என்ற பேரில் நம் நாட்டிலேயே ஒரு மாளிகை உண்டு. மன்னார் அரிப்பில், முத்துக்குளிப்பைப் பார்த்துக்கொள்ளத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டியது. பிள்ளைகளோடு சுற்றுலா போனபோது பார்த்தேன். செங்கல் அடுக்கிச் சாந்து பூசிக் கல் என்று காட்டியிருக்கிறார்கள். மரத்தைப் பார்த்துக் கல், கல்லைப் பார்த்துச் செங்கல்! ஒரு பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கூரை எப்போதோ போய்விட்டது. எனக்கு அந்தப் பையனின் நினைவு வந்தது.

போன வருடம் என் குசினிக்குக் கூரை போட வந்தவன் அவன்தான். முப்பதைத் தாண்டிவிட்டான். தேத்தண்ணி கொடுத்துவிட்டு,

"மனே, அண்டைக்கு நீ எழுதினதுதான் சரி" என்றேன்.

"எது சேர்?"

சொன்னேன். மேலேயிருந்தபடி கொஞ்சம் யோசித்தான்.

"அது படத்திலயே தெரிஞ்சதுதானே சேர். அந்தச் சலாகைய எடுத்துத் தாங்க."