எட்டுப் பொத்தான் கச்சேரி

ஆடி மாதம் பிறந்துவிட்டால் உத்திரமேரூர் வட்டாரத்து அம்மன் கோயில்களில் பகலில் கூழ் வார்ப்பார்கள், ராத்திரி பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். குடவோலைக் கல்வெட்டுக்குப் பேர்போன அந்த ஊருக்கு நான் போனது கல்வெட்டுக்காக அல்ல; அப்படியொரு கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவரின் வேலையைக் கூடவே இருந்து பார்க்க.

குழுவில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே யமஹா பி.எஸ்.ஆர். எஸ்.எக்ஸ்.700. 2019-ல் வந்த ரகம், 61 கீ. பாட்டுக்குப் பாட்டு டோன், ரிதம், வேகம், ஸ்கேல் எல்லாமே மாறும். மேடையில் நின்று ஒவ்வொன்றாகத் தேட முடியாது. ஒரு பாட்டுக்கு வேண்டியதை எல்லாம் அமைத்து, மெமரி பொத்தானைத் தட்டி ஓர் எண்ணில் போட்டுவைத்தால், அந்த எண்ணைத் தொட்டவுடன் அத்தனையும் வந்து நிற்கும். இதுதான் ரெஜிஸ்ட்ரேஷன். எட்டுப் பொத்தான் சேர்ந்தது ஒரு பேங்க்.

மாஸ்டர் ஒரு பாட்டுக்கு ஒரு பேங்க் என்று வைத்திருக்கிறார். ஒன்றாம் பொத்தானில் முன்னிசை, இரண்டில் பல்லவிக்கான பேக்கிங், மூன்றில் முதல் இடையிசை. அன்றைக்கு ஓர் அம்மன் பாட்டுக்கு நாதஸ்வரம் வேண்டியிருந்தது. ஷெனாய் டோனை எடுத்து, ஓபோவை மெல்லிசாக அடியில் சேர்த்தார். பிட்ச் பெண்ட் ஜாய்ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் இரண்டு அரைஸ்வரம் ஏறும்படி வைத்து, கமகத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு ரிவெர்பைப் பாதியாகக் குறைத்தார்.

“ஹெட்போன்ல கேக்க நல்லாத்தான் இருக்கும் சார். மைதானத்துல பாக்ஸ் வழியா போனா குழம்பிடும்.”

கூடவே தானாக ஓடும் பின்னணி வாசிப்பான ஸ்டைலிலும் கைவைத்தார். டிரம்ஸை ஊமையாக்கி, பேஸையும் கிட்டாரையும் மட்டும் ஓடவிட்டார். “கம்பெனி டிரம்ஸ் ஓடுச்சுன்னா நம்ம பேட் வாசிக்கிற பையனோட முட்டிக்கும். வேகம் மட்டும் இங்கேருந்துதான். அவன் என் காலைப் பாத்து வாசிப்பான்.” பம்பை, உடுக்கைச் சத்தமெல்லாம் அந்தப் பையனுடைய பேட் பொறுப்பு.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பேங்கைக் கோப்பாகச் சேமித்து, இரண்டு பென் டிரைவில் ஏற்றினார். மேடையில் சில நிமிஷம் ஓடும் பாட்டுக்கு இங்கே ஒரு மணி நேரம்கூடப் போகிறது. அசல் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழைகிறது என்று பிரித்தெடுக்கும் காதுதான் அவருடைய முதல். சந்தையில் ஆயத்த பேங்குகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவை இந்தக் குழுவின் பாடகர்களுக்கும் இந்தப் பேட் வாசிப்புக்கும் பொருந்தாது.

ராத்திரி மேடையில் இந்த முன்தயாரிப்பின் பலனை நேரிலேயே பார்த்தேன். பாட வந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. “மாஸ்டர்ணா, அஞ்சரைக் கட்டை இன்னைக்கு வராது. அரைக் கட்டை இறக்கிடுங்கண்ணா” என்றார். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது. இடையிசைக்கு மூன்றாம் பொத்தானைத் தொட்டதும் சேமித்துவைத்த பழைய ஸ்கேல் திரும்பி வந்துவிடும். பாடகி ஒரு சுருதியிலும் கீபோர்டு ஒரு சுருதியிலும் நிற்க வேண்டியதுதான். மாஸ்டர் ஃப்ரீஸைப் போட்டார். அதில் டிரான்ஸ்போஸை ஏற்கெனவே குறித்துவைத்திருந்ததால் டோன்கள் மட்டும் மாறின, சுருதி அசையவில்லை. கீழே இருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது.

கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியபோது லைட் அணைந்து எரிந்தது. கீபோர்டு அணையவில்லை, ஸ்டாண்டுக்கு அடியில் சின்ன யு.பி.எஸ். ஒன்று இருந்தது. ஊர்ப் பெரியவர் பாட்டுக்கு நடுவே பொன்னாடை போர்த்த மேடையேறினார். மாஸ்டர் இடையிசையை நீட்டி, அவர் இறங்கியதும் சரணத்துக்குக் கை காட்டினார். ட்ராக்கை ஓடவிட்டுப் பாடும் மேடைகளில் இது நடக்காது. ட்ராக் யாருக்காகவும் நிற்காது.

ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. சாமி ஊர்வலம், வரவேற்பு, பாராட்டு எல்லாம் முடிந்து கச்சேரிக்குக் கிடைப்பதே குறைந்த நேரம். அதற்குள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விழாமல் காப்பாற்றுவது அந்த எட்டுப் பொத்தான்கள்தான். அன்றைக்கும் கடைசி நேரத்தில் பாட்டு கேட்டுத் துண்டுச் சீட்டுகள் வந்தன. பேங்க் போட்டுவைத்திருந்த பாட்டுகள் பளிச்சென்று வந்தன; மற்றவை ஒப்பேற்றலாகத்தான் இருந்தன.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வேண்டிய பாட்டுப் பட்டியலை ஒரு வாரம் முன்னதாகக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். கச்சேரிக்கு முன் அரை மணி நேரம் சவுண்டு சரிபார்க்க மேடையை விட்டுக்கொடுங்கள். சம்பளம் பேசும்போது, மேடையேறுவதற்கு முன்னால் நடந்த வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.